தலையசைத்து வாங்கிய கப்பல்

1

இந்தக் கதை ஒரு படகுச் சீட்டுக் கடையில் பிறந்தது. கிரேக்க நாட்டின் சிறோஸ் தீவுக்கு நான் குடிவந்த முதல் மாதம். மூன்று மணிப் படகு உண்டா என்று கேட்டேன். சீட்டு கொடுக்கும் அம்மாள் மோவாயை மேலே தூக்கி, நாக்கால் 'த்சு' என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போய்த் துறைமுகத்தில் நாலரை மணிவரை நின்றேன். இங்கே அந்த அசைவுக்கு 'இல்லை' என்று பொருள். (நம் ஊர்த் தலையாட்டலை நம்பி இவர்கள் எத்தனை படகைத் தவறவிடுவார்களோ, அது தனிக் கணக்கு.)

வராத படகுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த மனிதர் மனதில் வந்தார். ஏதென்ஸின் பழைய அமைச்சர் பட்டியலில் அவரைத் தேட வேண்டாம். அவரை நான்தான் உண்டாக்கினேன். ஆகவே அவர் செய்ததற்கெல்லாம் நானும் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: "வணிகராகவும் தூதராகவும் கடற்படை அமைச்சராகவும் விளங்கிய ஸ்டமாத்திஸ் வரூக்காஸ் ஒரு மாபெரும்—"

மாபெரும் என்ன? தெரியவில்லை. சிலைக்குக் கீழே செதுக்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "கடல் அவரை இளமையிலேயே அழைத்தது—"

பச்சைப் பொய். துறைமுகத்தைப் படகு தாண்டுவதற்குள் அவர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவது: ஸ்டமாத்திஸுக்குத் தோல் தெரியும். சிறோஸில் அவருக்குத் தோல் பதனிடும் கொட்டகை இருந்தது. மாட்டுத்தோல் வந்து இறங்கினால் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல். உள்ளே கெட்டிருந்தால் அந்த நகம் சொல்லிவிடும். வடக்கே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் (பெயர் சொல்லமாட்டேன்) வருடத்தில் பாதி நாள் தோல் விற்றுக்கொண்டிருந்தார். அதனால் அங்கே நாட்டின் தூதராகவும் இருந்துவிடுங்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. சம்பளம் கிடையாது. இறகு வைத்த தொப்பி உண்டு.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அரசாங்கத்துக்கு மலிவாக ஒரு போர்க்கப்பல் தேவைப்பட்டது. அந்த வடக்குத் துறைமுகத்தில் 'மெலிஸா' என்ற பழைய கப்பல் விலைக்கு நின்றது. ஸ்டமாத்திஸ் பார்க்கப் போனார். கொதிகலனின் அடிப்பக்கம் குனிந்து, பழக்கதோஷத்தில் நகத்தால் கீறினார். தகடு ரொட்டித் தூள்போல உதிர்ந்தது.

மொழிபெயர்ப்பவர் பல்வலி என்று போயிருந்தார். கப்பல் சொந்தக்காரர் தன் மொழியில் "வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கையை நீட்டினார். ஸ்டமாத்திஸ் மோவாயை மேலே தூக்கினார். 'த்சு'வும் சொன்னார். வடக்கத்திய மனிதர் அதைக் கம்பீரமான சம்மதமாக எடுத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கப்பலில் கொடியேற்றி, ஏதென்ஸுக்குத் தந்தியும் அடித்துவிட்டார்.

மறுக்கலாம் என்று ஸ்டமாத்திஸ் தந்தி அலுவலகத்துக்குப் போனபோது, பாராட்டுத் தந்தி முன்பே வந்து காத்திருந்தது. நாளை விளக்கிக்கொள்ளலாம் என்று அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுநாள் பதக்கம் அறிவித்தார்கள். மறுவாரம் பத்திரிகைகள் 'பேரம் பேசாமல் பேரம் முடித்தவர்' என்றன. இரண்டு வருடத்தில் கடற்படை அமைச்சர் ஆனார்.

(அவர் கோழை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பாராட்டுகிறவர்களை இடைமறிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.)

ஒரு விருந்தில் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு வார்த்தை பேசல. இப்படி அசைச்சேன்" என்று, இங்கே 'ஆம்' சொல்கிற மாதிரி தலையைக் கீழ்நோக்கி அசைத்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பும்போது குதிரைவண்டியில் மனைவி கலியோப்பி ஆரம்பித்தாள்.

"ஸ்டமாத்தி, முப்பது வருஷத்துல உன் தலை கீழ போய் நான் பாத்ததே இல்லயே. ஒரு திரைச்சீலை மாத்தலாமான்னு கேட்டாக்கூட மேலதானே போகும்?"

"பேசாம வா."

"பேசாமதான் வரேன். உன்னை மாதிரி."

4

அமைச்சகத்தில் ஒரு வழக்கம். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்ற பட்டியல் புதன்கிழமை அமைச்சர் மேசைக்கு வரும். வியாழன் நண்பகலுக்குள் அவர் எழுத்தில் மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். சோம்பேறி அமைச்சர்களுக்கு வசதியான ஏற்பாடு.

அந்தப் புதன்கிழமைப் பட்டியலில் 'மெலிஸா' இருந்தது. குளிர்காலக் கடலில், தெற்குத் தீவுகளுக்கு, எண்பத்துநாலு பேருடன்.

அன்று காலை ஃபோதிஸ் ஸிகாலாஸ் அமைச்சர் வீட்டுக்கு வந்தார். மெலிஸாவின் தலைமை இயந்திரக்காரர், சிறோஸ்காரர். அவர் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் ஸ்டமாத்திஸ். இங்கே அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கும்பாரே, கொதிகலன் அடித்தகடு காகிதமாட்டம் இருக்கு. சுத்தியால தட்டினா சத்தம் வரல, தூள் வருது."

"ஒட்டுப் போட்டாங்களே?"

"ஒட்டு மேல ஒட்டு. இப்ப ஒட்டுதான் கொதிகலன்."

ஸ்டமாத்திஸ் காப்பியைக் கலக்கினார். அந்தக் காப்பியை இங்கே யாரும் கலக்கமாட்டார்கள். மண்டி மேலே வந்துவிடும்.

"எழுதிக் குடுத்தியா?"

"மூணு தடவை. அமைச்சரே பாத்து வாங்கின கப்பல், அவர் கண்ணைவிட உன் சுத்தி பெருசான்னு கேக்கறாங்க." ஃபோதிஸ் தொப்பியைக் கையில் சுற்றினார். "நீ வாங்கறப்ப அடியில பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

[இந்த இடத்தில் நான் நாலு நாள் நின்றேன். ஸ்டமாத்திஸ் உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். அவர் வாயில் அது நிற்கவில்லை.]

"அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"சரி. அப்ப என் சுத்திதான் தப்பு." ஃபோதிஸ் எழுந்தார். "நான் கீழ, கொதிகலன்கிட்டதான் இருப்பேன் கும்பாரே. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

5

முடிவு அ. ஸ்டமாத்திஸ் மறுப்பு எழுதுகிறார். 'வாங்கும்போதே இற்றுப்போயிருந்தது, நான் அறிவேன்' என்று காரணமும் எழுதுகிறார். பதவி போகிறது, பதக்கம் போகிறது, பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போடுகின்றன. வெடிக்காத கொதிகலனுக்காக யாரும் நன்றி சொல்வதில்லை. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என்றார்.

முடிவு ஆ. கொதிகலன் வெடிக்கிறது. ஸ்டமாத்திஸ் இரங்கலுரை ஆற்றுகிறார். ஃபோதிஸின் மகள் அவர் கையை முத்தமிடுகிறாள். இதை நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். பிரமாதமாக வந்தது. நண்பருக்குக் கண் கலங்கியது. ஒரு நல்ல பத்திக்காக எண்பத்துநாலு பேரைக் கொன்றிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு இ. முடிக்காமல் விடுவது. இந்த வகைக் கதைகளில் அது வழக்கம், மரியாதையும் கூட. எழுதுகிறவன் கை கழுவிக்கொள்ளலாம். இதுதான் சரி என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

படுத்த பிறகுதான் அமைச்சகத்தின் அந்த வழக்கம் ஞாபகம் வந்தது. நான் பேசாமல் இருந்தால் கப்பல் நிற்காது. போய்விடும்.

6

ஆகவே உள்ளது உள்ளபடி சொல்கிறேன். வியாழன், பதினொன்று நாற்பது. நீராவி ஏற நேரம் பிடிக்கும் என்பதால் விடியும்போதே மெலிஸாவில் அடுப்பு மூட்டியாயிற்று. ஃபோதிஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். கரி அள்ளுகிறவர்கள் முந்தின நாள் சீட்டாட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஏதென்ஸில் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. ஸ்டமாத்திஸ் பேனாவை மையில் தோய்த்து, கையைத் தூக்கி வைத்திருக்கிறார். கலியோப்பி கதவருகே நின்று அந்தக் கையையே பார்க்கிறாள்.

என்னால் அந்தக் கையை அசைக்க முடியவில்லை. மூன்று வாரமாகப் பார்க்கிறேன். அவரைப்போலவே நானும் நாளை, நாளை என்கிறேன்.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

எழுதாமல் பக்கத்தைத் திருப்பினாலும் பரவாயில்லை. அதுவும் உங்கள் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.