ஊர்ந்து போன மஞ்சள்

அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கீழே, பின்கட்டில் செடி வளர்த்து விற்கும் அண்ணி. மாடியில், கல்லூரியில் உயிரியல் நடத்தும் அவளுடைய நாத்தனார். தலையில் நரை விழுந்த பிறகும் வீட்டில் இவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். இருவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஒட்டுதலும் இல்லை. மோட்டார் போட்டாயா, கேட்டைப் பூட்டினீர்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடைமழை விட்ட ஒரு காலையில், தொட்டிகளுக்கு நடுவே கிடந்த மக்கிய மரக்கட்டையில் முட்டையின் மஞ்சள் கருவை ஊற்றியதுபோல் ஏதோ படர்ந்திருந்தது. செடி வாங்க வந்தவர் ஒருவர் அதைப் பார்த்ததும், எல்லாவற்றுக்கும் நோய் தொற்றியிருக்கும் என்று எடுத்த தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அண்ணி மற்ற செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். லாரி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம், தங்கையைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். ஒரே வீட்டுக்குள் தூது போகத் தன்னால் ஆகாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மாடியேறினாள். கல்லூரிக்கு ஓடும் அவசரத்தில் பாப்பா வந்து எட்டிப் பார்த்து, பூஞ்சைதான், சுரண்டி எறிந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணிக்கு எறிய மனம் வரவில்லை. என்ன நிறம்! பரவுகிறதா என்று பார்க்க அதன் ஓரத்தில் ஓர் ஐஸ் குச்சியைக் குத்தி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தாள். மறுநாள் காலை சாக்கை விலக்கினால், குச்சிக்கு இந்தப் பக்கம் வெறும் கட்டை. மஞ்சள் மொத்தமும் அந்தப் பக்கம் போய் விசிறிபோல் விரிந்திருந்தது.

"பாப்பா, நீ சொன்ன பூஞ்சை நடந்து போயிருக்கு" என்றாள் மாடிப்படியில் நின்று.

பாப்பா நம்பாமல்தான் இறங்கி வந்தாள். பழைய இடத்தில் நரம்பு நரம்பாகக் காய்ந்த தடத்தைப் பார்த்ததும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூஞ்சை இருந்த இடத்துலயே பரவும் அண்ணி. இது வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிருக்கு."

"அப்ப புழு பூச்சி மாதிரியா?"

"வாயும் இல்ல, வயிறும் இல்லயே." பாப்பா காய்ந்த தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நேத்து நான் சொன்னது தப்பு. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

பிறகு விளக்கினாள். இதற்குச் சளிப்பூஞ்சை என்று பெயர். பூஞ்சைபோல வித்து விடுவதால் முன்பு அந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அமீபாவுக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்ததும் பிரித்துவிட்டார்கள். செடியும் இல்லை, விலங்கும் இல்லை, பூஞ்சையும் இல்லை. கட்டையில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். செடிகளுக்கு நோய் தராது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அவள் இதைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

"சொந்தம் ஒரு பக்கம், பேரு ஒரு பக்கமா? சரியான வீடு பாத்துத்தான் வந்திருக்கு" என்றாள் அண்ணி. பாப்பா சிரித்தாள்.

ஓட்ஸ் கொஞ்சம் தூவினார்கள். சாயங்காலத்துக்குள் மஞ்சள் கிளைவிட்டு நீண்டு வந்து ஓட்ஸை மூடிக்கொண்டது. அதில் ஒரு துண்டைப் பாப்பா டப்பாவில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனபோது, கண்டுபிடித்தவர் வராமல் எப்படி என்று அண்ணியையும் இழுத்துப் போனாள். மாணவர்கள் கேட்கக் கேட்க அண்ணி ஐஸ் குச்சிக் கதையைக் கூச்சம் விட்டுச் சொன்னாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். நரம்புக்குள் மஞ்சள் நீர் ஓடியது, நின்றது, வந்த வழியே திரும்பி ஓடியது. அவள் நகர்வதாக இல்லை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் முனக ஆரம்பித்தார்கள்.

வெயில் ஏறிய வாரத்தில் கட்டையின் மேல் இருந்தது சுருங்கிக் கருத்து, வித்துப் பொடியாக உதிர்ந்தது. அண்ணியின் முகம் வாடியது. ஈரம் பட்டால் அந்த வித்துகள் முளைக்கும் என்று பாப்பா சொன்னாள். அதற்குள் பெரணி இலையின் அடிப்புறத்தில் வரிசையாக இருந்த பழுப்புப் புள்ளிகளைக் காட்டி அண்ணி அடுத்த கேள்வியைத் தொடங்கியிருந்தாள்.

லாரியை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் பார்த்தபோது, இருவரும் ஒரு லென்ஸுக்கு மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு அடுப்பு மேல் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்று நிமிராமலே அண்ணி சொன்னாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சத்தம் போடாமல் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.