சின்ன பாய் வேணும்

காற்று என்றால் ஒழுங்காக வீச வேண்டும், இல்லாவிட்டால் சும்மா கிடக்க வேண்டும். அன்று அம்பத்தூர் ஏரியில் அடித்தது இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஐந்து நிமிடம் இலை அசையாது. பிறகு திடீரென்று ஷாமியானாவையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீச்சு. இந்தக் காற்றுக்குப் படகில் சின்ன பாயைத்தான் கட்ட வேண்டும் என்று காலையிலேயே தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். என் வீட்டுக்காரர் சம்பத் காதில் வாங்கினால்தானே.

படகு என்றால் ஏறி உட்காருகிற படகு இல்லை. ஒரு மீட்டர் நீளம். கரையில் நின்றபடி ரிமோட்டில் திருப்புவது. மோட்டார் கிடையாது, பாய்தான் எல்லாம். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருக்கும் நான் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து என் கையால் செய்தது. அன்று கடைசிப் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஹைதராபாத் போட்டிக்குப் போகலாம். போன வருஷமும் நான்காவது, அதற்கு முந்தின வருஷமும் நான்காவது. இரண்டு தடவையும் சம்பத் பேச்சைக் கேட்டுப் பெரிய பாய் கட்டினேன். காற்று தள்ளியதும் படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது.

இப்போது சம்பத் கட்டிக்கொடுத்த பையைத் திறந்தால் உள்ளே பெரிய பாய் மட்டும். என்னைக் கரையில் இறக்கிவிட்டு மனுஷன் பிரியாணி வாங்கப் பூந்தமல்லிக்குப் போய்விட்டார். போன் போட்டேன்.

"யோவ், எனக்கு சின்ன பாய் வேணும். ஒடனே கொண்டா. இல்லாங்காட்டி ஊட்டுப் பக்கம் வராத."

அந்தப் பக்கம் மெட்ரோ வேலைச் சத்தம். "சரிம்மே, சரிம்மே" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து பைக் வந்தது. பின்சீட்டில் பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்ன பாய் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பியில் தம்பி. எட்டு வருஷமாக என் படகுக்குப் பாய் தைத்துத் தருவது அவர்தான். ஊரே அண்ணனைப் பெரிய பாய், தம்பியைச் சின்ன பாய் என்றுதான் கூப்பிடும்.

"நீதானம்மே கேட்ட. கடைல தச்சிக்கினு இருந்த மனுசன இட்டாந்துகீறேன்" என்றார் சம்பத்.

"படகோட பாய்யா நான் கேட்டது. உனுக்கு மூளைன்னு ஒண்ணு ஆண்டவன் வெச்சானா, இல்லியா?"

"அத்த தெளிவா சொல்லணும். பாய்னா எந்தப் பாய்னு நான் கண்டனா?"

ரிமோட்டோடு ஏரியில் குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. சின்ன பாய் இறங்கிவந்து ஏரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"சண்டைய அப்பறம் போட்டுக்கலாம். எவ்ளோ நேரம்மா கீது?"

"பத்து நிமிசம் பாய்."

சட்டைக் காலருக்கு அடியில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். நான் பந்தயம் நடத்தும் சங்கத்தின் செயலாளர் ராகவனிடம் ஓடினேன். பாயைச் சின்னதாக்கலாம், பெரிசாக்கத்தான் கூடாது என்றார். நான் திரும்பி வருவதற்குள் சின்ன பாய் அடியில் ஒரு சாண் மடித்துத் தைத்தே முடித்திருந்தார்.

"இத்துணூண்டு பாய வெச்சிக்கினு எங்க போவ?" என்று சம்பத் முணுமுணுத்தார்.

ஒன்பது படகு. முதல் வீச்சிலேயே இரண்டு மூக்கைக் குத்தின. பிறகு காற்று செத்துப்போனது. பெரிய பாய்க்காரர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஐந்தாவதாக ஊர்ந்துகொண்டிருந்தேன். "பாத்தியா, பாத்தியா" என்று காதோரம் சம்பத். வாயை மூடு என்றேன். கடைசித் திருப்பத்தில் மறுபடியும் அடித்தது பாருங்கள், முன்னால் போன இரண்டு படகு படுத்துவிட்டன. என்னுடையது நிமிர்ந்தபடியே அவற்றைத் தாண்டியது. மூன்றாவது. அழுதுவிட்டேன்.

"அந்த சின்ன பாய இட்டாந்ததே நான்தான்" என்று சம்பத் பக்கத்தில் நின்றவர்களிடம் அளந்துகொண்டிருந்தார்.

ஹைதராபாத்துக்கான படிவத்தை அங்கேயே நிரப்பித் தரச் சொன்னார் ராகவன். என் பெயர், படகு எண், பாயின் அளவு, பாய் தைத்தவர். கடகடவென்று எழுதிக் கொடுத்தேன். ராகவன் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"அளவு மேலயே எழுதியாச்சேம்மா. இங்க தச்சவர் பேரு கேட்டிருக்கு."

"சின்ன பாய்தான் சார் தச்சவரு."

"அது பேரா?"

சம்பத் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். பேசியிருந்தால் தேவலை.

சின்ன பாய் கரையில் உட்கார்ந்து மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "பாய், உங்க பேரு இன்னா?" என்று கேட்கும்போது எனக்கு நாக்கு கூசியது.

"கலீமுல்லா. கடை போர்டுல பெருசா போட்டுகீதேம்மா" என்றார், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்ன பாய் என்பதை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். எந்த ல, எந்த ள என்று அதையும் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.