பிதாவுக்கு வலித்ததா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சனிக்கிழமைதோறும் இறையியல் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவப் பாடத்தில் நான்தான் முதல் மார்க்கு. பட்டாபிராமில் எங்கள் சபையில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் நாக்கு துறுதுறுக்கும்.

பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவது எங்கள் வழக்கம். இந்த வருடம் போதகர் எனக்கு நான்காம் வார்த்தையைக் கொடுத்தார். ஏன் கைவிட்டாய் என்று மகன் பிதாவிடம் கதறுகிற இடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, எல்லோர் முன்னாலும் ஓர் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

பேசி முடித்ததும் ராணி கேட்டாள். பக்கத்துத் தெருக்காரி, அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். போன வருடம் அவள் மகன் அசோக் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

"அக்கா, புள்ள அப்டி கத்தசொல்ல அப்பனுக்கும் வலிச்சிருக்கும்ல?"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது ராணி. சிலுவையில வேதனைப்பட்டுப் பாடுபட்டது குமாரன். பிதாவும் பாடுபட்டார்னு சொல்றது துருபதேசம், தப்பான போதனை. ஆதிச் சபையே அதைத் தள்ளிடுச்சு."

துருபதேசம் என்று சொன்னபோது எனக்குள் ஒரு சுகம் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ராணி "சரிக்கா" என்றாள். டீகூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் புருஷன் மோகன் மட்டும் டம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"சுரேகா சிஸ்டர், பிதாவுக்கும் வலிச்சிருக்கும், அவருக்கு என் கஷ்டம் புரியும்னு சொல்லிகினுதான் அவ ஒரு வருசமா எழுந்து வேலைக்குப் போயிகினு கீறா. அதையும் புடுங்கிட்டீங்களே."

அடிப்பாவி, பாடம் படிக்கப் போய் என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த ஞாயிறு ராணி கோயிலுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் பேசிட்டேன் ராணி. மன்னிச்சிடு."

"ஏன், பொஸ்தகத்துல அப்டி இல்லியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கு. ஆனா..."

"அப்ப நீ இன்னா தப்பு பண்ண? வுடுக்கா. புள்ள போயும் நான் இன்னும் சோறு துன்னுகினு கீறேனேன்னு எனக்கே அசிங்கமா கீது. ஒண்ணுமே ஆவாம மேல குந்திகினு பாத்தவருகிட்ட போயி நான் இன்னாத்த பேசுறது?"

பெரிய வெள்ளியன்று மோகன் எப்படியோ அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்ததும், எழுதி வைத்திருந்த தாளை எடுக்காமலே எழுந்து போனேன்.

"பிதா வேறு, குமாரன் வேறு, ஆனாலும் தேவன் ஒருவரே. இதை எழுதித்தான் மார்க்கு வாங்கினேன். பிதா வேறு என்றால், அன்றைக்கு அவர் தன் பிள்ளையைப் பறிகொடுத்தார். அது என் மரமண்டைக்கு ஏறவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த ஒருத்தி என் வீட்டில் உட்கார்ந்து கேட்டாள். அவள் வாயை நான் அடைத்துவிட்டேன்."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டேன். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ராணி இரண்டு டம்ளரோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"இத அன்னிக்கே உன் ஊட்ல சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள். "இத்தினி நாளு தனியாவே அழுதுகினு கெடந்தேன்."