ஏறிய கியர்

"மாப்ளகிட்ட நூறு வாட்டி சொன்னேன், ஏறுன கீர்லயே எறங்குன்னு. கேட்டாத்தானே!"

பந்தலில் அண்ணன் தாண்டவராயனின் குரல். உள்ளே, செத்துக்கிடந்த புருஷன் மாசிலாமணியின் தாடைக்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்த சுலோச்சனாவின் கை அப்படியே நின்றது.

ஜவ்வாது மலையில் புளி ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி, வளைவில் உருண்டுவிட்டது. லாரி அண்ணனுடையது, ஓட்டியவன் மாசிலாமணி. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆளுக்கு ஆள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தார்.

"டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு கீர எடுத்துட்டு நியூட்டர்ல வுட்டுக்கினு வந்துகீறாரு. பிரேக்க மட்டும் நம்பி மெதி மெதின்னு மெதிச்சா, அது சூடேறி எப்பிடிப் புடிக்கும்?"

"நல்ல டிரைவராச்சே, இப்பிடிப் பண்ணிட்டானே" என்று உத்திரமேரூர் ரைஸ்மில் மேஸ்திரி உச்சுக் கொட்டினார்.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மாசிலாமணி சொல்கிற பேச்சு. கல்யாணமான புதிதில் அவளையும் மலைக்குக் கூட்டிப்போயிருந்தான். வண்டி இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கும். பிரேக்கை வளைவில் மட்டும்தான் தொடுவான். "இஞ்சினே வண்டியப் புடிச்சிக்கும், பயப்படாத" என்று சிரித்தான். அந்தப் பேச்சைத்தான் இப்போது அண்ணன் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் இதே வீட்டில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு அவர் குதித்த குதி வேறு.

"மத்த டிரைவருங்கோ நியூட்டர்ல எறங்கல? உனுக்கு மட்டும் இன்னா, உசுரு வெல்லமா? கீர்ல எறக்கி எறக்கி என் டீசலக் குடிக்கிற. நியூட்டர்ல எறக்கறதுன்னா வண்டிய எடு. இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போ."

மாசிலாமணி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான்யா சொல்லும்" என்றாள். அவன் கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். அண்ணனை அப்படி நம்பினாள் அவள். அதை நினைக்க நினைக்க அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிணம் எடுக்கும் முன் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். தாண்டவராயன் புதுச்சேலையோடு உள்ளே வந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். தங்கையின் தோளில் போர்த்துவதற்காக அவர் சேலையைப் பிரித்தபோது, அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ண்ணா, நியூட்டர்ல எறக்கச் சொன்னது யாரு?"

"இன்னாம்மா இது... இந்த நேரத்துல..."

"இந்த வூட்ல குந்திக்கினு சொன்னியே, அத வெளிய போயி அவங்ககிட்ட சொல்லு. அப்பால கோடி போடு."

ஒப்பாரி நின்றுவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் எடுக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. "வாங்கிக்கம்மா, வெயில் ஏறுது" என்றாள் ஒருத்தி. சுலோச்சனா அசையவில்லை. தாண்டவராயன் வெளியே போகவில்லை, பிரித்த சேலையோடு அங்கேயே நின்றார்.

மாசிலாமணியின் அக்கா சிட்டம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். உள்ளறைக்குப் போய்த் தன் பையிலிருந்து கட்டிப் பழகிய சேலை ஒன்றை எடுத்து வந்து, தம்பி பெண்டாட்டியின் தோளில் போட்டு, அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாசலில் மேளம் ஆரம்பித்தது.

பாடையைத் தூக்க ஆட்கள் உள்ளே வந்தார்கள். தாண்டவராயன், தரையில் புரண்ட புது முந்தானையை மிதித்துவிடாமல் காலைத் தள்ளி வைத்து, அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.