ஆத்து எறா

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போக மாட்டாள். கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு, ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடந்து, வருகிற வண்டியில் ஏறிவிடுவாள். மீஞ்சூரில் ஒரு இட்லிக் கடை, மணலியில் டேங்கர் லாரிக்காரர்கள் சாப்பிடும் மெஸ், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் நெல்லூர், விஜயவாடா, ஒருமுறை கொல்கத்தா. ரயில்வேயில் டிக்கெட் கவுண்டர் வேலை, பாஸ் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் களைத்து ஓய்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பி, எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள், எதிர் சீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்து எதற்காகப் பொங்கினார், அதைப் பற்றித் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதுவாள். 'ஞாயிறு வண்டி' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அந்தக் கடைக்கு மறுவாரமே புது ஆட்கள் வருவார்கள். சுமாராக இருந்ததை நன்றாக இருந்தது என்று அவள் எழுதியதே இல்லை.

தம்பி இன்னாசி அதைக் கேலி செய்வான்.

"துன்னுட்டு வந்து எழுதறதுக்கு ஒரு ஆளு, அத்த படிக்க ஒரு கூட்டம்."

ஆனால் ஒரு வாரம் அவள் எழுதாவிட்டால் முதல் போன் அவனிடமிருந்துதான் வரும். "இன்னாக்கா, ஒடம்பு செரியில்லயா?"

அம்மா போனபோது அவன் சின்னப் பையன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, சட்டை தைத்துக் கொடுத்தது, மாதா கோயிலில் விசாரித்து ஃபாத்திமாவைப் பெண் கேட்கப் போனது எல்லாமே ஃப்ளோரன்ஸ்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மாமனார் ஊரான எண்ணூருக்கே போய்விட்டான். மாமனாரின் படகில் முகத்துவாரத்துப் பக்கம் எறாவும் நண்டும் பிடிக்கப் பழகினான். கிரீக் என்று பேப்பர்காரர்கள் எழுதுகிற அந்தக் கடல் ஓடையை அவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அவனுக்கும் ஃபாத்திமாவுக்கும் குழந்தைகள் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஃப்ளோரன்ஸின் வண்டி எண்ணூரில் நிற்கும். அன்றைக்குக் கடைச் சாப்பாடு கிடையாது. ஃபாத்திமா எறாவைத் தொக்கு வைத்திருப்பாள்.

அந்த டிசம்பரில் புயல் வந்தது. நகரமே தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடியும்போது ஆற்றில் எண்ணெய் வந்தது.

எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃப்ளோரன்ஸ் போய்ப் பார்த்தபோது இன்னாசியின் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. கரையில் கட்டியிருந்த படகுகள் தார் பூசியவை போல நின்றன. ஒரு கூழைக்கடா பறக்கப் பார்த்து, முடியாமல், சேற்றில் உட்கார்ந்துகொண்டது. இன்னாசியும் இன்னும் சில ஆண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கையுறை குடுக்கலயாடா?"

"குடுத்தாங்கோ. வழுக்கிகினே கீது. கழட்டிப் போட்டுட்டேன்."

நாற்றத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. அவன் வீட்டுக்குள் வந்து மண்ணெண்ணெயால் கையைத் தேய்த்தான். பிறகு சோப்பு. பிறகு சாம்பல். கறுப்பு போகவில்லை. ஃபாத்திமா அவனுக்கு ஸ்பூனால் சோறு ஊட்டினாள்.

அந்த ஞாயிறு ஃப்ளோரன்ஸ் சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. கூழைக்கடாவையும் சுவர்க்கோட்டையும் தம்பியின் கைகளையும் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நீளம். வழக்கமாக நூற்றுக்கணக்கில் வருகிற பக்கத்துக்கு அன்றைக்கு ஒரு கைப்பிடி ஆட்கள்தான் வந்தார்கள். 'பாவம்' என்று ஒருவர் போட்டிருந்தார். 'அப்ப மீன் வாங்காம இருக்கிறது நல்லது, தகவலுக்கு நன்றி சிஸ்டர்' என்று இன்னொருவர் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் இன்னாசி-ஃபாத்திமா கல்யாண நாள் வந்தது. வருஷாவருஷம் அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் அவர்களை வெளியே சாப்பிட அழைத்துப்போவாள். இந்த வருஷம் வேண்டாம் என்றான் இன்னாசி. அவள் விடவில்லை. கொஞ்சம் மனசு மாறட்டும் என்று அண்ணா நகரில் ஒரு பெரிய ஏசி ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். கடல் உணவுக்குப் பேர்போன இடம். இரண்டு வருஷத்துக்கு முன் அவளே அதைப் புகழ்ந்து எழுதியிருந்தாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடியில், கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்னாசி எழுத்துக்கூட்டிப் படிப்பவன். நின்று, நிதானமாக, வாய்விட்டுப் படித்தான்.

"எங்களிடம்... எண்ணூர் மீன்... உபயோகிப்பதில்லை."

"வேற எங்கயாவது போலாம் வாடா," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"எதுக்கு? குந்துக்கா."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஃபாத்திமா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். சர்வர் ஒரு வயசானவர், மரியாதையான மனிதர். மீன் வகைகளைச் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டவர்போலக் குரலைத் தணித்தார்.

"பயப்படாம சாப்பிடுங்க சார். எல்லாம் தூத்துக்குடி லோடு. இந்தப் பக்கத்துச் சரக்கு ஒண்ணுகூட உள்ள வராது."

"நல்லது நைனா," என்றான் இன்னாசி. "வஞ்சிரம் ஒரு பிளேட்டு குடு. எறா ஒரு பிளேட்டு."

வந்ததையெல்லாம் அவன் சாப்பிட்டான். மீதி வைக்கவில்லை. நடுவில் ஃபாத்திமாவைப் பார்த்து, "துன்னு. அக்கா ஆசயா இட்டுகினு வந்துகீது," என்றான். அவன் கையில் விரல்களுக்கு நடுவே தோல் உரிந்து சிவந்திருந்ததை ஃப்ளோரன்ஸ் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மசாலா பட்டு எரிந்திருக்கும். அவன் காட்டிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னான்: "இத்த எழுதாதக்கா."

அவள் எழுதவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கினால் ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கறி கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் மீனுக்கு அடிபிடியாக இருக்கும். இன்னாசி அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் தெளிந்துவிட்டது, எறா மறுபடியும் வருகிறது, தவக்காலத்தில் எப்படியும் விற்றுவிடும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபாத்திமா கூடையைத் தூக்கிக்கொண்டு ராயபுரத் தெருக்களில் நடந்தாள். அவளைப் பல வருஷமாகத் தெரிந்த பெண்கள் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, கூடையை மட்டும் திறக்க விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். இன்னாசி ஒரு தூக்கில் எறா கொண்டுவந்திருந்தான். உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"மோந்து பாருக்கா. டீசல் வாட கீதா?"

குனிந்து முகர்ந்தாள். சேற்று வாடையும் எறா வாடையும்தான் இருந்தன.

"இல்லடா."

"ஆக்கு. துன்னு பாரு."

ஃபாத்திமா உரித்துக் கொடுத்தாள். ஃப்ளோரன்ஸ் தொக்கு வைத்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எறா இனிப்பாக இருந்தது. எப்போதும் இருந்த அதே இனிப்பு. அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். இன்னாசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்டி கீது?"

"நல்லா கீதுடா."

"அத்தயே எழுது." அவன் கையை நக்கிக்கொண்டே, ஏதோ சின்ன விஷயம் கேட்பதுபோலக் கேட்டான். "எண்ணூர் ஆத்து எறா துன்னேன், நல்லா கீதுன்னு எழுது. வேற எதுவும் வாணாம். நீ எழுதினா சனம் நம்பும்."

ஃப்ளோரன்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா?"

"நாக்குக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்டா. உள்ள இன்னா கலந்து கீதுன்னு நாக்குக்கு எப்டித் தெரியும்?"

"நீ துன்னியே."

"நான் உன் அக்கா. நான் துன்னலாம். நான் எழுதறத நம்பி ஒருத்தி வாங்கினு போய் அவ கொழந்தைக்கு ஊட்டுவாடா."

ஃபாத்திமா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இன்னாசி தூக்கின் மூடியை எடுத்து மூடினான். பிறகு, "செரிக்கா," என்றான். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். படியிறங்கும்போது எப்போதும்போல, "கதவ சாத்திக்க," என்றான்.

அவர்கள் போன பிறகு அவள் போனை எடுத்தாள். எழுதினாள். அழித்தாள். மறுபடியும் எழுதினாள். தனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் கேட்டுப் பார்த்தாள்: அந்த ஆற்று மீனை யாராவது சோதித்தார்களா, சாப்பிடலாமா, கூடாதா? சோதனைக்கு எடுத்துப்போனார்கள் என்றார்கள். என்ன முடிவு வந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சாப்பிடலாம் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும், மறுநாளே எழுதியிருப்பாள். கூடாது என்று சொல்லியிருந்தாலும் தம்பியிடம் போய்ச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் இன்னாசி போன் செய்தான். மங்களூரில் விசைப்படகுக்கு ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்றான். டிக்கெட்டை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு அதே கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவள், அவன் பேரை அடிக்கும்போது எழுத்துத் தப்பி, இரண்டு தடவை திருத்தினாள்.

சென்ட்ரலில் அவனை வழியனுப்பும்போது அவனுக்கு என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தாள். கடைசியில், "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்றுதான் கேட்டாள்.

அந்த வருஷம் ஊர் ஊராகப் போகும் ஆசை அவளுக்குக் குறைந்திருந்தது. ஆனாலும் செப்டம்பரில் லீவு எடுத்து மங்களூர் போனாள். இன்னாசி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். இளைத்திருந்தான். தலையில் நரை தெரிந்தது. பேச்சில் இரண்டொரு கன்னட வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. கைத் தோல் இன்னும் முழுதாக ஆறவில்லை. உப்புத் தண்ணீரில் எப்படி ஆறும்?

துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுக்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்ன ஓட்டலுக்கு அழைத்துப்போனான். கல்லாவில் இருந்தவரிடம், "எங்க அக்கா," என்றான். அவர் எழுந்து கும்பிட்டார். மத்தி வறுவலும் புழுங்கலரிசிச் சோறும் வந்தன. அவளுக்கு வாழை இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, அவனே பரிமாறினான். ஊர் நிலவரம் கேட்டான். ஆற்றில் மறுபடியும் படகு இறங்குகிறது, எறா கொஞ்சம் கொஞ்சம் விலைபோகிறது என்று அவள் சொன்னாள்.

"அப்படியா," என்றான்.

"வந்துடேன்டா."

"இன்னொருவாட்டி வந்தா?" என்றான். "எண்ணெ. இன்னொருவாட்டி வந்துச்சுன்னா? என்னால திரும்பவும் அத்த மொண்டு ஊத்த முடியாதுக்கா."

அவள் மத்தியைப் பிய்த்து வாயில் வைத்தாள். மீன் நன்றாகத்தான் இருந்தது. அவன் தன் பங்கிலிருந்து ஒரு மத்தியை எடுத்து அவள் இலையில் வைத்தான். பிறகு கல்லாப்பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஓனரு நல்ல மன்ஷன். கட ஓடல, பேஜாராயிட்டாரு. இத்தயாவது எழுதேன்."

குத்திக்காட்டுகிறானோ என்று அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படி எதுவும் அந்த முகத்தில் இல்லை. கடைக்காரருக்காக அக்காவிடம் ஒரு உதவி கேட்டுவிட்டு, முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள்.

திரும்பி வரும் வண்டியிலேயே அந்த ஓட்டலைப் பற்றி எழுதினாள். மத்தியை, சோற்றை, கடைக்காரரின் கும்பிடை எல்லாம் எழுதினாள். தம்பியை எழுதவில்லை. நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து, வழி கேட்டார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஃபாத்திமாவும் கிளம்பினாள். அங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து வீடு பார்த்தாகிவிட்டது. எண்ணூர் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அதற்குமுன் வெள்ளையடித்ததில் அந்தக் கறுப்புக் கோடு மறைந்தது. சென்ட்ரலில் மூட்டைகளை ஏற்றிவிட்டு ஃப்ளோரன்ஸ் ஜன்னலோரம் வந்து நின்றாள். வண்டி கிளம்பச் சிறிது நேரம் இருந்தது.

"அண்ணி," என்றாள் ஃபாத்திமா. "உங்களாண்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அக்கா மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, அக்கா எழுதாதது செரிதான்னு சொல்லச் சொன்னாரு."

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவன் கோபப்பட்டிருந்தாலே தேவலை என்று தோன்றியது. கோபம் என்றால் சண்டை போட்டு, அழுது, என்றைக்காவது தீர்த்துக்கொள்ளலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நீ?" என்று கேட்டாள்.

ஃபாத்திமா மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி, ஃப்ளோரன்ஸின் தோளில் நழுவியிருந்த புடவையை இழுத்துவிட்டாள்.

"வேளைக்குத் துன்னுங்க அண்ணி," என்றாள்.

வண்டி நகர்ந்தது. ஃப்ளோரன்ஸ் பெட்டியோடு கொஞ்சதூரம் நடந்தாள்.