எதிர் வீட்டுப் பூத்தொட்டி

தெருவைப் பூச்செடிகளால் அலங்கரிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானபோது, முதலில் கை தட்டியவர் தையல்காரர்தான். "எதிரெதிர் வீட்டு வாசல்ல ஒரே நிறப் பூ இருக்கணும். பேசி முடிவு பண்ணிக்குங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்," என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சொன்னதும், தட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவருக்கு எதிர் வீடு கூடப்பிறந்த தம்பியின் வீடு. கடிகாரம் பழுது பார்க்கிறவன். இருவரும் பேசி ஏழு வருஷம் ஆகிறது.

எல்லாம் காணாமல் போன ஒரு கத்திரிக்கோலால் வந்த வினை. "நீதான்டா எடுத்தே!" என்று நடுத்தெருவில் நின்று தம்பியைக் கிழி கிழியென்று கிழித்தார். ஒரே வாரத்தில் அது வெட்டுத்துணி மூட்டைக்குள்ளேயே கிடைத்தது. போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அன்று முதல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, நிலைக்கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுதான் துணி வெட்டுகிறார். தம்பியோடு பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அது மனைவிக்கு மட்டும் தெரியும்.

தெருமுனைச் செடி வண்டிக்காரரிடம் நான்கு சிவப்பு ரோஜாத் தொட்டிகள் வாங்கிவந்தார். ஒன்றில் காம்பு ஒடிந்திருந்தது. நீல லைனிங் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டு நிமிர்ந்தால், எதிர் வாசலில் நான்கும் மஞ்சள்.

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன். வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் மனைவி.

"சின்னவன் அவன். அவன் வரட்டும்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் சிவப்பைத் திருப்பிக் கொடுத்து மஞ்சளை வாங்கிவந்தார். விட்டுக்கொடுத்த பெருமையோடு மத்தியானம் எட்டிப் பார்த்தார். எதிரே நான்கும் சிவப்பு! ஒன்றில் ஏதோ நீலமாகத் தெரிந்தது.

"திமிரைப் பாத்தியாடி! நான் மாத்தினா அவனும் மாத்துறான்!"

பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் மறுநாள் சிவப்புக்கே போனார். எதிர் வாசல் மஞ்சளாகிவிட்டது. வண்டிக்காரர் காட்டில் நல்ல மழை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது, "டீச்சர் நோட்டும் கையுமா வந்துட்டாங்க!" என்று மனைவி குரல் கொடுத்தாள். பதறி வாசலுக்கு ஓடினார். தொட்டிகளைச் சரியாக நகர்த்தலாமென்று குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு காம்பில் நீல லைனிங் துணி. அவர் போட்ட அதே முடிச்சு.

அட, இது நாம் திருப்பிக் கொடுத்த தொட்டியாயிற்றே! அப்படியானால் அன்று எதிர் வாசலில் நீலமாகத் தெரிந்ததும் இந்தத் துணிதான். நாம் மறுபடி சிவப்பு வாங்குவதற்கு முன்பே அவன் இதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். தம்பி வம்புக்கு மாற்றவில்லை. அண்ணனோடு சேர்வதற்காகத்தான் அவனும் வண்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறான். தையல்காரர் விடுவிடுவென்று தெருவைத் தாண்டினார்.

"டேய்! ஒரு நிறத்துல நிலையா இருக்க மாட்டியாடா நீ?"

ஏழு வருஷத்தில் முதல் பேச்சு. தம்பி கண்ணில் மாட்டிய லென்ஸோடு வெளியே வந்தான்.

"நீ மட்டும் இருந்தியாண்ணே? உன் பின்னாடி ஓடியே எனக்குக் கால் தேஞ்சுபோச்சு."

சொன்னவன் அண்ணன் கையைப் பார்த்தான். தையல்காரரும் அப்போதுதான் பார்த்தார். கையில் அந்தக் கத்திரிக்கோல்.

"இது… மூட்டைக்குள்ளதான் கிடந்துச்சுடா. அப்பவே கிடைச்சிருச்சு. உன்னை அநியாயமாப் பேசிட்டேன். மன்னிச்சிருடா."

"தெரியும்ணே."

"எப்படிடா?"

"ஏழு வருஷமா முதுகைக் காட்டிட்டு வெட்டுறே, சரி. உன் எதிர்ல இருக்கிற கண்ணாடியில கத்திரிக்கோல் தெரியுமே, அதை மறந்துட்டியே! நீயே வந்து சொல்வேன்னுதான் காத்துட்டிருந்தேன்."

தையல்காரர் கத்திரிக்கோலைத் தம்பி வீட்டுத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். இந்த வாசலைப் பார்த்தார், அந்த வாசலைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சளா? பேசி முடிவு பண்ணுங்கன்னு சொன்னேனே!"

"இப்பத்தான் டீச்சர் பேசவே ஆரம்பிச்சிருக்கோம்," என்றார் தையல்காரர், மூக்கை உறிஞ்சியபடி.