ஏழாவது ஹேர்பின்

பெரியவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கோட்டுப் பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. ஒருமுறை அதிர்ந்து நின்றிருந்தால் பரவாயில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது, மறுபடி நின்றது. "கையை நல்லா மூடிக்கங்க ஐயா" என்றேன். அவர் மூடினார், நரம்பு வழுக்கிக்கொண்டு போனது. பதினான்கு வருடமாக இந்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறேன். ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று எனக்கொரு பெயர் உண்டு, அன்றைக்கு அதுவும் போனது. இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டு அவர், "வீட்டுல ஏதோ அவசரம் போல, பாரும்மா" என்றார்.

அக்கா மகள்தான். "சித்தி உடனே வா. பக்கம் மாறிடுச்சு." கீழே ஒரு படம். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்திருந்தாள். இடது பொட்டிலிருந்து காதுக்கு மேலாகப் பின்மண்டை வரைக்கும், நாலு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. காது அம்மணமாக நின்றது. பதினேழு வயதாகிற அந்தப் பெண்ணின் இடது காதை வெளிச்சத்தில் நான் கடைசியாகப் பார்த்தது அவளுக்கு ஆறு வயதில்.

இரண்டு மணி நேரம் போய் வருகிறேன் என்று நிலையத்தை நடத்துகிற மேடத்திடம் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார். "அக்கா பொண்ணுக்கு அடிபட்டிருச்சு" என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

நான் யாரென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பகலில் தலையைப் படிய வாரி, தொப்பிக்குள் செருகிக்கொண்டு ஊசி குத்துகிறவள். மற்ற நேரத்தில் 'கலைஞ்ச தலை' என்ற பெயரில் வீடியோ போடுகிறவள். அழகு நிலையத்துப் பக்கமே போகாமல் வீட்டிலேயே தலையை எப்படிக் கெடுத்துக்கொள்வது என்பதுதான் விஷயம். ஈர முடியைப் பொடிப்பொடியாகப் பின்னிக் காயவைத்து அலையலையாக்குவது, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரிக் கொண்டை போடுவது, சாயம் நெற்றியில் ஒட்டாமல் இருக்க ஓரமெல்லாம் வாஸ்லின் தடவிக்கொள்வது, ஒரு பக்கத்தை மட்டும் ட்ரிம்மரால் எடுத்துவிடுவது. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். மூக்குக்குக் கீழே என் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. கருப்பு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் பேசுவேன். என் தலையிலும் அதே கதைதான். மேல்முடி கருப்பு, கழுத்தோரத்திலிருந்து உள்முடி முழுக்க நீலம். எட்டு ஹேர்பின் போட்டால் நீலம் அடங்கிவிடும். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது, ஆபீஸில் தெரியாமல் நீலம் அடிப்பது எப்படி என்ற வீடியோதான். ஊரில் பாதிப் பேர் எதையோ உள்முடியில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள் போலிருக்கிறது.

ஆட்டோவில் உட்கார்ந்ததும், அவள் பார்த்துச் செய்திருக்கக்கூடிய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டது. ஒரு பக்கம் எடுக்கும் முறை. நான் என் வலது பக்கத்தைத்தான் எடுத்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தடவினால் கையும் சாட்சி சொல்கிறது. ஆனால் திரையில் அது இடது பக்கமாக இருந்தது. என் பழைய போன், கண்ணாடியில் தெரிவது மாதிரியே என்னைப் பதிவு செய்யும். பார்க்கிறவர்கள் திரையைக் கண்ணாடியாக நினைத்துக்கொண்டு அப்படியே செய்துவிடலாம், பக்கம் பிசகாது. போன மாதம் வாங்கிய புதுப் போனோ எதிரில் நிற்கிறவர் பார்ப்பது மாதிரிப் பதிவு செய்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. வலது, இடது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வீடியோ முழுக்க, "இந்தப் பக்கத்த எடுத்துக்கங்க, இந்தப் பக்கம் புருவம் முடியிற எடத்துலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டு போகிறேன். கீழே ஒருத்தி, "சிஸ்டர், பக்கம் மாறித் தெரியுதே" என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருக்கிறேன். என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று மணிக்கு அக்கா மகளுக்கு நேர்முகத் தேர்வு. உடை வடிவமைப்புக் கல்லூரி. இரண்டு வருடமாக இதற்காகத்தான் வரைந்து தள்ளுகிறாள். இப்போது மணி பன்னிரண்டேகால்.

அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. குளியலறைத் தரையில் முடி, முடிக்கு நடுவில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி, அதன்மேல் அவள். வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். இடது காதில் கேட்கும் கருவி போடுவதற்கு முந்திய காலத்தில் வீடு அதிரக் கத்திக்கொண்டே திரிவாள், அதனால் நான் வைத்தது. இப்போது அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கருவி, கை கழுவும் தொட்டியின் விளிம்பில் அதன் டப்பாவுக்குள் இருந்தது. அது இல்லாத நேரத்தில் வலது பக்கமாகப் போய்த்தான் பேச வேண்டும். போய் உட்கார்ந்தேன்.

"எப்படிடி ஒனக்குத் தெரியாமப் போச்சு, ஒங்காது ஒனக்குத் தெரியாதா?"

"போனையே பாத்துட்டு இருந்தேன் சித்தி. நீ கைய எங்க வெக்கறியோ அங்க வெச்சேன். ஒன் வீடியோ எல்லாம் அப்படித்தான பண்ணுவேன்." தரையில் கிடந்த முடியைக் காலால் ஒதுக்கினாள். "மெஷின் ஓடுது, கை அதிருது. ஆனா சத்தமே வரல. வலது பக்கமா இருந்தா காதுக்குள்ள வந்து கொய்யுனு கத்தணும்ல. அப்பதான் தெரிஞ்சுது."

சீப்பை எடுத்தேன், கீழே வைத்தேன், ட்ரிம்மரின் பல்லை ஊதினேன். சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது.

"ஒரு பக்கம் எடுக்கணும்னு யார் சொன்னா? அந்தக் காலேஜ்ல எல்லாம் அப்படித்தான் இருக்காங்களாமா?"

"அதுக்கில்ல. வலது பக்கம் எடுத்துட்டா எல்லாரும் அந்தப் பக்கத்தையேதான் பாப்பாங்க. மிச்ச முடி மொத்தமும் இந்தப் பக்கம் வந்துரும். காது இருக்கறதே யாருக்கும் தெரியாது." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நீதான சொல்லிக்குடுத்த. ஒண்ண மறைக்கணும்னா அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணக் காட்டுன்னு."

ஏதோ ஒரு வீடியோவில் நெற்றிப் பருவுக்கு நான் சொன்னது அது. இந்தப் பெண் அதைக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. துணிச்சல்காரி, என்னைப் போல் வருகிறாள் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலத்தான் வந்திருக்கிறாள்.

"மறைச்சிடலாமா சித்தி?"

"மறைச்சிடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான."

நல்லவேளை, மேல்முடி தப்பித்திருந்தது. வால் சீப்பால் வகிட்டை வலது ஓரத்துக்குத் தள்ளினேன். அங்கிருந்து முடியைத் தூக்கி இடது பக்கம் கொண்டுவந்து, எடுத்த இடத்தின் மேல் படியவைத்தேன். ஹேர்பின்களை ஒரு காகிதத்தில் பரப்பி ஸ்ப்ரே அடித்தேன், அப்போதுதான் நழுவாமல் பிடிக்கும். நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். நேரான பக்கத்தை உள்ளே வைக்கிறவர்கள் ஆயுள் முழுக்கப் பின் நிற்கவில்லை என்று புலம்புவார்கள். இதையெல்லாம் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. அவள் தலையாட்டவும் இல்லை. ஆறு பின்னில் மேல்முடி நின்றுவிட்டது. ஏழாவது, காதுக்குப் பின்னால் போட வேண்டியது. அதுதான் முடியைக் காதின் மேல் இழுத்துப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் தலையை ஒருமுறை திருப்பினாலே காது வெளியே வந்துவிடும்.

கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஏழாவதைப் போட நான் கையைக் கொண்டுபோனதும் அது கீச்சென்று கத்தியது. கை பக்கத்தில் வந்தால் அப்படித்தான் கத்தும். கையை எடுத்தேன், நின்றது.

"இது பரவால்ல, நின்னுரும்" என்றாள். "முடிதான் நிக்காது. மேல உரசிட்டே இருக்கும். சரசரன்னு, காஞ்ச எலை மேல யாரோ நடந்துட்டே இருக்கற மாதிரி. அதுக்கு நடுவுலதான் எல்லாரும் பேசறதக் கேக்கணும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா ஆசையா வாரி விடுவா சித்தி."

பதினோரு வருடம். தினமும் காலையில் அக்கா அவளை முன்னால் உட்காரவைத்து முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளுக்கும் இந்தச் சரசரப்பு தெரியாது. எனக்கும் தெரியாது. நானும்தான் எத்தனை விதமாக அந்தக் காதை மூட அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன் அடித்தது. அக்காதான், உணவு இடைவேளை.

"போயிட்டியா அங்க? நல்லதாப் போச்சு. அவ தலைய ஒழுங்கா வாரி விட்டியா?"

"ம்."

"காது மூடியிருக்கா?"

கையில் ஏழாவது பின் இருந்தது. சில்வண்டு கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியிருக்கு" என்றேன்.

போனை வைத்ததும் பின்னைக் கண்ணாடி முன்னால் வைத்தேன். "இது இல்லாமயே போறியா? என்ன கேக்கறாங்கன்னாவது நல்லாக் கேக்கும்ல."

"அவங்க பாப்பாங்களே."

"பாக்கட்டுமே."

"அப்ப நீ ஏன் மூஞ்சியக் காட்டறதில்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். மேடம் பார்த்துவிடுவார், வேலை, மரியாதை என்று வரிசையாகக் காரணங்கள் வந்து நின்றன, நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். பிறகு பின்னை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போட்டு விடு சித்தி. நேரமாச்சு."

போட்டேன். நன்றாகத்தான் போட்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன், அக்கா மாதிரியே. ஒரு குறையும் தெரியவில்லை, அவளையும் தெரியவில்லை. படக்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, நீ வந்தால் அம்மா வந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அக்கா வருவதற்குள் குளியலறையைக் கூட்ட வேண்டியிருந்தது.

கூட்டினேன். ஈரத்தில் ஒட்டிய முடியைத் துணியால் துடைத்து எடுத்தேன். நிலைகொள்ளவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்து ஜன்னலுக்குப் போனேன். தெருவின் எதிர்ப்புறத்தில் பேருந்து நிறுத்தம். பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தலைக்குப் போனது. சரிசெய்கிறாளா, கலைக்கிறாளா என்று மூன்று மாடி உயரத்திலிருந்து தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து கூப்பிடலாமென்று வாயெடுத்தேன். தெருச் சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கும்? அதற்குள் பேருந்து வந்து அவளை மறைத்தது. அது போனபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். பரிசோதனை நிலையத்துக்கு நானும் அந்த நிறுத்தத்தில்தான் ஏற வேண்டும். பெஞ்சில், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஹேர்பின்கள் ஒரே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பின்னைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வரிசையாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் குத்தும் என்று முதல் வீடியோவிலேயே சொல்லியிருக்கிறேன். எண்ணினேன். ஆறு.

மறுபடி எண்ணினேன். ஆறுதான். அப்படியென்றால் மேல்முடி இறங்கிவிட்டது, எடுத்த இடம் வெளியே தெரியும், காது? ஏழாவதையும் எடுத்தாளா, எடுத்தது கீழே விழுந்ததா, அல்லது அதை மட்டும் தலையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாளா? கூப்பிட்டுக் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது?

பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன். டிக்கெட் துண்டுகள், ஒரு பாட்டில் மூடி, தூசி. முட்டிபோட்டு உட்கார்ந்து கையை நீட்டி, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தைத் துழாவினேன். அவசரத்தில் தொப்பியை நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். குனிந்த குனியில் என் பின்கள் ஒன்றிரண்டு தளர்ந்து, உள்முடி கழுத்தைத் தாண்டி முகத்துக்கு முன்னால் நீலமாகத் தொங்கியது. பையில் போன் அதிர்ந்தது, மேடமாகத்தான் இருக்கும். நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் என் தலையைப் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

"என்னம்மா தேடறே?"

"ஒரு ஹேர்பின்" என்றேன்.

"அதான் மேல இத்தனை கெடக்குதே."

"இல்லம்மா, இன்னொண்ணு இருக்கணும்."

அந்த அம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பெஞ்சின் அந்தக் கோடியில் போய்க் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.